செய்தியை மாற்றத் தேர்தல் இல்லை

அமெரிக்காவின் 46-ஆவது அதிபராக ஜோ பைடன் 2021 ஜனவரி 20-ஆம் தேதி பதவியேற்றபோது, அவரது உரையின் மையக் கருத்தாக அமைந்தது தேச ஒற்றுமை. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒரு கும்பல் சூறையாடியிருந்தது. காயம்பட்ட நாட்டுக்கு ஒற்றுமை குறித்த பேச்சு தேவையாகவே இருந்தது.

ஆனால், அன்றே அவர் கையொப்பமிட்ட உத்தரவுகளும் ஆணைகளும் 17. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா மீண்டும் இணைவது, மெக்ஸிகோ எல்லைச் சுவர்ப் பணியை நிறுத்துவது, கனடாவிலிருந்து நாளொன்றுக்கு 8.3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைக் கொண்டுவரும் கீஸ்டோன் எக்ஸ்.எல். குழாய்த் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்வது ஆகியவை அவற்றில் சில. பைடனுக்கு வாக்களித்த 8.1 கோடி பேருக்கு இவை வாக்குறுதியின் நிறைவேற்றம். டொனால்ட் டிரம்ப்புக்கு வாக்களித்த 7.4 கோடி பேருக்கோ, ஒற்றுமை என்ற சொல்லுக்குப் பொருள் 'எங்கள் வழிக்கு வாருங்கள்' என்பதாகவே தோன்றியது.

அந்த நாளில் தொடங்கிய மனக்கசப்பு நான்கு ஆண்டுகளில் வளர்ந்து, 2024-இல் டிரம்ப்பை மீண்டும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து வந்தது. அந்தக் கசப்பில் இரண்டு வேறுபட்ட குறைகள் கலந்திருந்தன. ஒன்று, ஆட்சியின் கொள்கைகள் மீதானது. மற்றொன்று, அந்த ஆட்சியை ஊடகங்கள் காட்டிய விதம் குறித்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அமெரிக்க மக்களாட்சி இன்று நிற்கும் இடம் புரியும்.

முதலில் கொள்கை. பதவியேற்ற 50 நாள்களுக்குள், 2021 மார்ச் 11-இல், 1.9 லட்சம் கோடி டாலர் மதிப்பிலான கரோனா நிவாரணச் சட்டம் நிறைவேறியது. செனட் அவையில் இரு கட்சிகளுக்கும் தலா 50 இடங்கள். ஆயினும், வரவு-செலவு மசோதாக்களுக்கான தனி நடைமுறையைப் பயன்படுத்தி, குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் அச்சட்டம் கொண்டுவரப்பட்டது. இவ்வளவு பணத்தைச் சந்தையில் இறக்கினால் விலைவாசி ஏறும் என்று எச்சரித்தவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். ஜனநாயகக் கட்சி ஆட்சியில் நிதியமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸும் அதையே கூறினார்.

விலைவாசி ஏறியது. அது தற்காலிகமானது என்று நிதியமைச்சர் ஜேனட் யெல்லனும் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் ஜெரோம் பவலும் விளக்கமளித்தனர். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 40 ஆண்டுகளில் அமெரிக்கா கண்டிராத உயரம் அது. பணவீக்கத்தின் போக்கைத் தவறாகக் கணித்துவிட்டதாக யெல்லனே ஒப்புக்கொண்டார். கரோனா கால விநியோகத் தடைகளும் உக்ரைன் போரும் இந்த விலையேற்றத்துக்குப் பெருங்காரணங்கள் என்பதையும், ஐரோப்பிய நாடுகளும் இதே துன்பத்தை அனுபவித்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், மளிகைக் கடையில் நிற்கும் குடும்பத்தலைவிக்கு நினைவில் நின்றது 'தற்காலிகம்' என்ற சொல்தான்.

எல்லை விவகாரமும் அப்படியே. 2020 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்ட நிகழ்வுகள் ஏறத்தாழ 4.6 லட்சம். அடுத்த நிதியாண்டிலேயே அது 17 லட்சத்தைத் தாண்டியது. இதை 'நெருக்கடி' என்று அழைக்கலாமா, கூடாதா என்பதில் நிர்வாகம் செலவிட்ட சொற்கள், எல்லையோர டெக்சாஸ் மாநில மக்களின் எரிச்சலைக் கூட்டவே உதவின.

இந்தக் குறைகள் எதுவும் மக்களாட்சிக்குப் புதிதல்ல. ஓர் ஆட்சி தவறு செய்தால் எதிர்ப்பதற்கு வழிகள் உண்டு. நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் தடுப்பூசி அல்லது தொடர் பரிசோதனை கட்டாயம் என்ற உத்தரவை 2022 ஜனவரியில் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. கல்விக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2023 ஜூனில் ரத்து செய்தது. 2022 இடைத்தேர்தலில் பிரதிநிதிகள் சபையைக் குடியரசுக் கட்சி கைப்பற்றியது. நீதிமன்றம், நாடாளுமன்றம், வாக்குப்பெட்டி ஆகிய மூன்றும் வேலை செய்தன. கொள்கை மீதான கோபத்துக்கு வடிகால் இருந்தது.

இரண்டாவது குறைக்கு அத்தகைய வடிகால் இல்லை. ஆட்சியை மாற்றத் தேர்தல் உண்டு. செய்தியை மாற்றத் தேர்தல் இல்லை.

பழமைவாதிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வுகள் மூன்று. 2020 தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், பைடனின் மகன் ஹன்டரின் மடிக்கணினியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மின்னஞ்சல்களை 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழ் வெளியிட்டது. அச்செய்தியின் இணைப்பைப் பகிர முடியாதபடி ட்விட்டர் தடுத்தது. நாளிதழின் கணக்கையும் முடக்கியது. உளவு அமைப்புகளின் முன்னாள் அதிகாரிகள் 51 பேர், தங்களிடம் ஆதாரமில்லை என்று கூறிக்கொண்டே, இதில் ரஷியாவின் கைவரிசையின் அடையாளங்கள் தெரிவதாகக் கடிதம் எழுதினர். அக்கடிதத்துக்குக் கிடைத்த விளம்பரம் அதிலிருந்த எச்சரிக்கை வாசகத்துக்குக் கிடைக்கவில்லை. தடுத்தது தவறு என்று ட்விட்டர் தலைவர் ஜாக் டார்சி பின்னர் ஒப்புக்கொண்டார். மின்னஞ்சல்களில் பலவும் உண்மையானவை என்று 2022 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்' ஆகிய நாளிதழ்களே உறுதிப்படுத்தின. அப்போது தேர்தல் முடிந்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது.

கரோனா தீநுண்மி சீனாவின் வூஹான் ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இரண்டாவது நிகழ்வு. அதை எழுப்பியவர்களைச் சதிக் கோட்பாட்டாளர்கள் என்று பல ஊடகங்கள் ஒதுக்கின. தீநுண்மி மனிதரால் உருவாக்கப்பட்டது என்று கூறும் பதிவுகளை 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நீக்கத் தொடங்கியது. மே மாத இறுதியில், இது குறித்து ஆராயுமாறு உளவு அமைப்புகளுக்கு பைடனே உத்தரவிட்டபோது, அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. தீநுண்மியின் தோற்றம் இன்றும் தீர்க்கப்படாத கேள்வியே. ஆனால், கேள்வி கேட்பதே குற்றம் என்ற நிலை மூன்று மாதங்களில் தலைகீழாக மாறியதை மக்கள் கவனிக்கத் தவறவில்லை.

மூன்றாவது, பைடனின் முதுமை. அவரது தளர்ச்சி பற்றிப் பழமைவாத ஊடகங்கள் ஆண்டுக்கணக்கில் பேசி வந்தன. 2024 பிப்ரவரியில் சிறப்பு வழக்குரைஞர் ராபர்ட் ஹர் தமது அறிக்கையில் அதிபரின் நினைவாற்றல் குறித்து எழுதியபோது, அது அரசியல் உள்நோக்கம் கொண்டது என்று சாடப்பட்டது. ஜூன் 27-ஆம் தேதி டிரம்ப்புடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் நாடே நேரில் கண்டது. ஜூலை 21-இல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். 'இதைத்தானே சொன்னோம்' என்று பழமைவாதிகள் கூறியதில் நியாயம் இருந்தது.

இவை ஏன் நிகழ்ந்தன? எல்லாம் திட்டமிட்ட சதி என்பது எளிய விடை. ஆனால் சரியான விடையல்ல. செய்தி அறைகள் யாரால் நிறைந்திருக்கின்றன, எங்கே அமைந்திருக்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்று கூறிக்கொள்ளும் செய்தியாளர்கள் 2022-இல் 3.4 சதவீதம் மட்டுமே என்று கண்டறிந்தது, பத்திரிகையாளர்களிடையே நடத்தப்பட்ட ஒரு தேசிய ஆய்வு. ஜனநாயகக் கட்சியினர் என்றவர்கள் 36 சதவீதம். 2005-க்குப் பிறகு அமெரிக்காவின் செய்தித்தாள்களில் ஏறத்தாழ கால் பங்கு 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர் வார இதழ்கள். இதழியல் பெருநகரங்களிலும் பல்கலைக்கழகங்களைச் சுற்றியும் குவிந்தது. ஒரே மாதிரியான தெருவில் வாழ்ந்து, ஒரே மாதிரியான நண்பர்களுடன் பேசுபவர்களுக்கு, தங்கள் எண்ணம் ஒருபக்கச் சார்புடையது என்பதே தெரிவதில்லை. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எதை ஐயத்துடன் அணுகுவது, எதை அப்படியே ஏற்பது என்ற தேர்விலேயே சாய்வு புகுந்துவிடும்.

இந்தக் குறை நேற்று பிறந்ததுமல்ல. 1969 நவம்பரிலேயே துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உள்ள ஒரு சிறு குழுவினரே நாட்டுக்கான செய்தியைத் தீர்மானிப்பதாகச் சாடினார். சர்ச்சைக்குரிய பொருள்களில் இரு தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்று ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு 1949-இல் விதிக்கப்பட்ட நெறி 1987-இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. குறை கேட்க ஆளில்லை என்றிருந்தவர்களுக்குச் சொந்த மேடை கிடைத்தது.

கிடைத்த மேடை உண்மைக்கு உதவியதா? இந்த வினாவுக்குப் பழமைவாதிகளும் பதில் சொல்லியாக வேண்டும். 2020 தேர்தல் இரவில், அரிசோனா மாநிலத்தில் பைடன் வென்றதாக முதலில் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ்தான். அந்தக் கணிப்பு சரியாகவே அமைந்தது. ஆனால், கோபமுற்ற நேயர்கள் நியூஸ்மேக்ஸ் போன்ற வேறு அலைவரிசைகளுக்கு மாறத் தொடங்கினர். அவர்களைத் தக்கவைக்க வேண்டிய அச்சத்தில், வாக்கு இயந்திரங்களில் மோசடி என்ற கூற்றுக்கு அந்தத் தொலைக்காட்சி இடமளித்தது. அக்கூற்றைத் தனிப்பட்ட முறையில் அதன் முன்னணித் தொகுப்பாளர்களே நம்பவில்லை என்பது நீதிமன்ற ஆவணங்களில் வெளிப்பட்டது. டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து 2023 ஏப்ரலில் அவ்வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. ஒருதரப்பு ஊடகத்தின் சார்பை வெறுத்து உருவான மாற்று ஊடகம், தன் நேயர்களின் சார்புக்குக் கைதியானது.

அதேபோல, ஊடகங்கள் பைடனுக்குக் காவடி எடுத்தன என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதும் பொருந்தாது. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்து, விமான நிலையக் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தபோது, பழமைவாதிகள் குறைகூறும் அதே ஊடகங்கள்தாம் நிர்வாகத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டன. 50 சதவீதத்துக்குக் கீழே அப்போது இறங்கிய பைடனின் செல்வாக்கு மீண்டும் எழவேயில்லை.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியது என்ன? செய்தி ஊடகங்களைப் பெருமளவு நம்புவதாக 1976-இல் கேலப் கருத்துக்கணிப்பில் கூறியவர்கள் 72 சதவீதம். 2025-இல் அது 28 சதவீதம். குடியரசுக் கட்சியினரிடையே ஒற்றை இலக்கம். நம்பிக்கை இவ்வளவு தேய்ந்த இடத்தில், ஊடகம் சரியாகச் சொல்லும் செய்தியும் எடுபடாது. தேர்தல் மோசடி குறித்த ஏறத்தாழ 60 வழக்குகள் நீதிமன்றங்களில் நிற்கவில்லை என்று எத்தனை முறை எழுதினாலும், நம்ப மறுப்பவர் நம்ப மறுத்துக்கொண்டே இருந்தார். மடிக்கணினி விவகாரத்தில் தவறிய பத்திரிகையை மோசடி விவகாரத்தில் ஏன் நம்ப வேண்டும் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியாமற் போனதுதான் பேரிழப்பு.

இன்று நிலைமை தலைகீழ். 2025-இல் மெக்ஸிகோ வளைகுடாவை 'அமெரிக்க வளைகுடா' என்று எழுத மறுத்ததற்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெள்ளை மாளிகை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்டது. பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலர் நிதியை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. டிரம்ப் தொடுத்த வழக்கில், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் உரிமையாளரான பாரமவுண்ட் 1.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நெடுங்காலக் கசப்புக்குக் கிடைத்த நீதியாக இவற்றைப் பழமைவாதிகள் பலர் கருதுகின்றனர். ஊடகம் சாய்ந்திருந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதை நிமிர்த்தும் பொறுப்பை ஆட்சியாளரிடம் ஒப்படைத்தால், அவர் அதைத் தம் பக்கம்தான் சாய்ப்பார். நாளை ஆட்சி மாறும்போது அதே ஆயுதம் அடுத்தவர் கைக்குப் போகும்.

தவறான செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டவர்கள் திருத்தத்தையும் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். செய்தி அறைகளில் நிறமும் பாலினமும் மட்டுமல்ல, வாழிடமும் அரசியல் நம்பிக்கையும் கலந்திருக்க வேண்டும். தனக்குப் பிடிக்காத செய்தியைச் சொன்னதற்காகவே தொலைக்காட்சியை மாற்றும் நேயர், தனக்கான பொய்யைத் தானே விலைக்கு வாங்குகிறார் என்பதை உணர வேண்டும். இவை எதையும் சட்டத்தால் சாதிக்க முடியாது. இழந்த நம்பிக்கையை ஒவ்வொரு செய்தியாகத்தான் மீட்க முடியும். அதற்கு எந்த அதிபரின் கையொப்பமும் உதவாது.