சிங்கம் இல்லாத முத்திரை

பழைய ஆங்கிலேய டீபாட் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நான்கைந்து குட்டிக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ஓர் எழுத்து, இன்னொன்றில் கேடயம் அல்லது கிரீடம். பார்த்தவுடன் அசல் வெள்ளி என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றே பலரும் அடித்த முத்திரை அது.

இங்கிலாந்தில் அசல் வெள்ளியைச் சோதனைச்சாலையில் சோதித்துப் பார்த்துத்தான் முத்திரையிடுவார்கள். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி. சோதித்த ஊருக்கும் ஒரு சின்னம் உண்டு: நங்கூரம் பர்மிங்காமுக்கு, கிரீடம் அந்நாளில் ஷெஃபீல்டுக்கு. முலாம் பூசிய பொருளுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதனால் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் பிரித்து, அசல் வெள்ளி முத்திரையின் சாயலிலேயே அடித்துக்கொண்டார்கள். ஆகவே முதலில் சிங்கத்தைத் தேடுங்கள்.

அதற்குப் பதில் இ.பி.என்.எஸ். என்று இருந்தால் நிக்கல் சில்வர்மீது மின்சாரத்தால் ஏற்றிய முலாம். நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதே உலோகம்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது. வெள்ளி துளியும் இல்லை. இ.பி.பி.எம். என்றால் அடியில் இருப்பது வெள்ளீயம் மிகுந்த பிரிட்டானியா உலோகம். மென்மையானது, சீக்கிரம் நசுங்கும்.

பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றது 1840இல். அதற்கு முன் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் கண்ட முறையில், செம்புக் கட்டியோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்துத் தகடாக உருட்டினார்கள். தேய்ந்த விளிம்பில் செம்பின் சிவப்பு எட்டிப் பார்த்தால் இந்தப் பழைய வகையாக இருக்கலாம். ஆனால் செம்பின் மேலும் மின்முலாம் பூசியதுண்டு. நிறத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

சில நிறுவனங்களைச் சின்னமே காட்டிக்கொடுத்துவிடும். கொடிக்குள் டபிள்யூ, ஹெச் எழுத்துகள் இருந்தால் வாக்கர் அண்ட் ஹால். கொடி தொங்கும் எக்காளம் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ். எல்கிங்டன் பொருள்களில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பெரும்பாலும் இருக்கும்.

எண்களிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. அமெரிக்க ஸ்பூன்களில் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்றிருப்பதைப் பார்த்து, அந்த ஆண்டில் செய்தது என்று விற்கிறார்கள். அது வணிகப் பெயரின் ஒரு பகுதி. இருபதாம் நூற்றாண்டு ஸ்பூனிலும் அதே 1847தான். ஜெர்மனியின் டபிள்யூ.எம்.எஃப். நிறுவனக் கரண்டிகளில் உள்ள 90 என்பது 90 சதவீதம் அல்ல. பெரிய ஸ்பூனும் முள்கரண்டியுமாக இரண்டு டஜனுக்கு 90 கிராம் வெள்ளி பூசியது என்ற கணக்கு.

முத்திரையைப் படிக்கப் பவுடர் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்ந்து போனால் பொருளின் ஜாதகமே போயிற்று. வாயால் ஊதி ஈரப்படுத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, லென்ஸில் பாருங்கள். மங்கிய கோடும் தெரியும்.

'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் அப்போதுதான் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. வைர வடிவக் குறி 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கு அடையாளம். 1884இலிருந்து அந்த இடத்தில் வெறும் பதிவு எண். அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், எண் தெளிவாகத் தெரிந்தால் வடிவமைப்பைப் பதிந்தவர் யார், எந்த ஆண்டு என்பதுவரை தேடிப் பார்க்கலாம்.