ஏற்காட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல்: ஏர்போர்ட்டில் அதைக் கையாள்வது யார்?

சேர்வராயன் மலை காபி பெரும்பாலும் கப்பலில்தான் வெளிநாடு போகிறது. ஆனால் சாம்பிள், அவசர ஆர்டர், சீக்கிரம் வாடிவிடும் பூ என்றால் விமானம்தான் வழி. ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டியைத் தொடுவது பல நேரங்களில் விமான நிறுவனத்தின் ஆட்களே இல்லை. அப்படின்னா யார்?

கிரவுண்ட் ஹேண்ட்லிங் என்றால் என்ன?

விமானம் தரையில் நிற்கும்போது நடக்கும் வேலைகள்தான் இது. செக்-இன், லக்கேஜ் ஏற்றி இறக்குவது, விமானத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் இதில் அடங்கும். பல நிறுவனங்கள் இதோடு சரக்கு முனையத்தையும் நடத்துகின்றன. உதாரணமாக, பெங்களூருவில் ஏஐசாட்ஸ் முன்பு சரக்கு முனையத்தையும் நடத்தியது. இது ஏர் இந்தியாவும் சிங்கப்பூரின் சாட்ஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது.

சேலம் ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கே?

காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டுச் சேவை மட்டுமே உண்டு. வருவதும் ஏடிஆர் வகை சிறிய விமானங்கள். எனவே பெட்டி சாலை வழியாகப் பெங்களூரு, சென்னை அல்லது கோவைக்குப் போக வேண்டும்.

அங்கே என்ன நடக்கும்?

முனையத்தில் எடை, அளவு பார்ப்பார்கள். எக்ஸ்ரே சோதனையும் சுங்க அனுமதியும் முடிந்ததும் பெட்டிகளைத் தட்டில் அடுக்கி, வலை போட்டுக் கட்டி, விமானத்துக்குக் கொண்டுபோவார்கள்.

கட்டணத்தில் ஒரு கணக்கு இருக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60, 50, 40 செ.மீ. பெட்டி என்றால் 20 கிலோ. உள்ளே 12 கிலோ பூதான் இருந்தாலும் 20 கிலோவுக்கே கட்டணம்.

சிக்கல் எங்கே வருகிறது?

பெரும்பாலும் தரையில்தான். முனையத்திலிருந்து விமானம் வரை வெயிலில் காத்திருந்தால் பூவும் பழமும் வீணாகும். இதற்காகவே பெங்களூருவில் ஏஐசாட்ஸ் 'கூல்போர்ட்' என்ற குளிர்பதன மையத்தை அமைத்தது.

இந்த வேலை எவ்வளவு முக்கியம்?

2025 மே 15-ல் துருக்கியின் செலெபி குழும நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு ரத்து செய்தது. சென்னை உட்பட 9 விமான நிலையங்களில் அந்தக் குழுமம் பார்த்துவந்த வேலையை உடனே வேறு நிறுவனங்களிடம் மாற்ற வேண்டியிருந்தது. ஏனெனில் தரையில் ஆள் இல்லாவிட்டால் விமானம் கிளம்பாது.

பெட்டி சேதமானால் யாரிடம் கேட்பது?

தவறு ஹேண்ட்லிங் நிறுவனத்துடையதாக இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட விமான நிறுவனத்திடம் புகார் செய்யலாம். மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி, சரக்கைப் பெற்ற 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தாமதம் என்றால் 21 நாட்கள். பெட்டியைப் பெறுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைங்க. 11 இலக்க ஏர்வே பில் எண்ணையும், பேக் செய்தபோது எடுத்த போட்டோவையும் பத்திரமா வச்சுக்கோங்க.