பேய் வருவதற்கு முன்பே வரும் பயம்



நல்ல பேய்ப்படம் எடுத்த எடுப்பிலேயே பேயைக் காட்டிவிடாது. 2009-இல் விக்ரம் குமார் இயக்கி, மாதவன் நடித்த ‘யாவரும் நலம்’ படத்தையே பாருங்கள். கூட்டுக் குடும்பம் ஒன்று புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறது. தினமும் பால் திரிகிறது. பூஜையறைச் சுவரில் ஆணி இறங்குவதில்லை. மற்றவர்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் நகர மறுக்கிறது.

பால் காய்ச்சிப் புதுவீடு புகும் நமக்கு, பால் திரிந்தாலே அபசகுனமோ என்று மனசு பதறும். பார்வையாளரின் இந்த நம்பிக்கைதான் இயக்குநரின் மூலதனம். ஆகவே, பேய்ப்படத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்!