கொல்லையில் சூரியகாந்தி

கொல்லையில் பத்துச் செடி சூரியகாந்தி வைத்தவர்கள் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. பூ தாம்பாளம்போல் மலர்ந்தது. உதிர்த்துப் பார்த்தால் பாதியும் பதர் என்பதே அது. மூன்று மாத உழைப்பு இவ்வாறு வீணாவதற்கு மண்ணையும் விதையையும் மட்டும் நொந்து பயனில்லை.

நாம் ஒரு பூ என்றழைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டமாகும். ஓரத்து மஞ்சள் இதழ்கள் மலடு, நடுவிலுள்ளவையே மணியாவன. அவை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வளையம் வளையமாகப் பல நாட்கள் மலர்கின்றன. மகரந்தமோ ஒட்டும் தன்மையது. காற்று அதனை அதிகம் சுமவாது. தேனீ வந்தாலன்றி மணி நன்கு பிடிப்பதில்லை.

ஆதலின் விதைகளை வேலியோரம் ஒற்றை ஒற்றையாக ஊன்றாமல், நல்ல வெயில் படும் இடத்தில் ஒரே நாளில் கூட்டமாக ஊன்றுக. எல்லாம் ஒருசேரப் பூக்கும். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. ஆழம் 1 அங்குலம் போதும். குழிக்கு இரு விதையிட்டு, பின்னர் வலியதை நிறுத்தி மற்றதைக் களைக. பூக்கும்போதும் மணி முற்றும்போதும் நீர் குறையலாகாது; தேங்கவும் கூடாது.

பூத்தபின் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையே, கையில் மெல்லிய துணியைச் சுற்றி ஒரு பூவின் முகத்தை இலேசாகத் தடவி, அதே துணியால் அடுத்த செடியின் பூவைத் தடவுக. ஒருநாள் விட்டு ஒருநாள் இதனைச் செய்தல் வேண்டும். வீட்டுச் சிறுவர்கள் இவ்வேலையை விரும்பிச் செய்வர்.

மொட்டு நிலையில் சூரியனைத் தொடரும் இச்செடி, முற்றிய பின் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். அதன் பயனைக் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்டனர். தொட்டிகளைத் திருப்பி மேற்கு நோக்க வைத்த பூக்களைவிட, காலை வெயிலில் விரைந்து சூடேறும் கிழக்கு நோக்கிய பூக்களுக்கே தேனீக்கள் மிகுதியாக வந்தன!

மணி பிடித்தபின் கிளிகளுக்கு அஞ்சிப் பூவைப் பழந்துணியால் மூடலாம். முன்னதாக மூடினால் தேனீக்கும் வழியில்லை. பூவின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அறுத்து உலர்த்துக. புதுமணி ஏறக்குறைய 45 நாள் உறங்கும். உடனே ஊன்றி, முளைக்கவில்லையென்று வருந்த வேண்டாம். வீரிய ஒட்டு ரகத்தின் மணியை மறுவிதைப்புக்கு வைத்தல் தகாது. பத்துச் செடி மணியைக் கொண்டு எண்ணெய் ஆட்ட எண்ணுவதும் வீண், வறுத்துண்ணலாம். பூவுக்கு வரும் தேனீயால் அருகிலுள்ள பூசணியும் பீர்க்கும் நன்கு காய்க்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்று செய்யலாம். பூக்கும் காலத்தில் அண்டை வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும், தவிர்க்க இயலாதபோது தேனீக்கள் கூடடைந்த மாலை நேரத்தில் தெளிக்கவும் ஊராரிடம் எடுத்துரைக்கலாம்.