முதுகு வலிக்கு ஊனப் பென்சன் "இல்லை" என்று கடிதம் வந்தால் என்ன செய்வது?



அருள்புரத்தைச் சுற்றி பனியன் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகளில் பட்டாளத்தில் இருந்து வந்தவங்களும் உண்டு. நம்ம குழுக்களிலும் அவங்க மனைவிமார் இருக்காங்க. "எங்க வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்து வரும்போதே இடுப்பு போயிருச்சு. ஊனப் பென்சன் கேட்டோம், கிடையாதுன்னு லெட்டர் போட்டுட்டாங்க" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்த லெட்டர் இப்போது எங்கே என்று கேட்டால், பெட்டிக்கு அடியில் என்பார்கள். முதலில் அதை வெளியே எடுங்க.

ஊனப் பென்சன் என்பது கையோ காலோ இழந்தவர்களுக்கு மட்டும் இல்லை. டிஸ்க் விலகல், ஸ்பாண்டிலோசிஸ் என்கிற முதுகெலும்புத் தேய்மானம் போன்றவைக்கும் கேட்கலாம். இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, அந்த நோய் ராணுவ வேலையால் வந்ததா, அல்லது இருந்த நோய் வேலையால் அதிகமானதா. இரண்டு, பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் இருக்கிறதா. வேலையை விட்டு வரும்போது மெடிக்கல் போர்டு உட்கார்ந்து இந்த இரண்டையும் எழுதி வைக்கும்.

முதுகு வலிக்காரர்கள் பெரும்பாலும் அடிபடுவது முதல் கேள்வியில்தான். "வேலையால் வந்ததும் இல்லை, வேலையால் அதிகமானதும் இல்லை" என்று போர்டு எழுதிவிடும். இதைப் பட்டாளத்தில் சுருக்கமாக "நானா" என்பார்கள். வயசானா எல்லாருக்கும் வருகிற தேய்மானம்தானே என்பது அதற்குச் சொல்கிற காரணம். இருபது வருசம் மூட்டை சுமந்து, மலை ஏறி, லாரி ஓட்டினவருக்கும் இதே வரிதான்!

இதற்கு நல்ல பதில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. தரம்வீர் சிங் என்ற வீரர் 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஊனப் பென்சன் இல்லை என்றும் சொன்னார்கள். நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது நோய் இருப்பதாக எழுதவில்லை என்றால், ஆள் நல்லாத்தான் இருந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்தது வேலையால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு. போர்டு காரணம் எழுதாமல் வெறுமனே "இல்லை" என்று போட்டால் போதாது. அது வலிப்பு நோய் வழக்குதான். ஆனாலும் முதுகு வலி வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். போர்டு சரியான காரணத்தோடு எழுதியிருந்தால் நீதிமன்றமும் ஏற்றுக்கொள்ளும். அதனால் காகிதம்தான் பலம். நம்ம குழுவில் தீர்மான நோட்டில் ஏறாத கடனை யாராவது ஒப்புக்கொள்கிறோமா? அதே மாதிரிதான். சேரும்போது நடந்த சோதனை, விழுந்து அடிபட்டிருந்தால் அதற்கான காயம் ரிப்போர்ட், ராணுவ ஆஸ்பத்திரி சீட்டு, கடைசி மெடிக்கல் போர்டு நகல், எல்லாம் வேணும். எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார், வலி எந்த வருசம் ஆரம்பித்தது என்பதையும் அவரை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதுங்க. போர்டு நகல் கையில் இல்லையா? அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யணும். அதையும் தள்ளினால் இரண்டாவது மேல்முறையீடு, அதற்கும் 6 மாதம். அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம்ம மாநிலத்துக்குச் சென்னையில் அதன் அமர்வு உண்டு, டில்லி போக வேண்டியதில்லை.

நாள் தாண்டிப் போச்சே என்று கை விடாதீங்க. தர்சேம் சிங் என்ற வீரர் 1983-இல் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டார். 16 வருசம் கழித்து, 1999-இல்தான் உயர் நீதிமன்றம் போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம், பென்சன் மாதா மாதம் வர வேண்டியது, மாதா மாதம் நஷ்டம் தொடர்கிறது, அதனால் தாமதத்தைக் காட்டி ஒரேயடியாகத் தள்ள முடியாது என்றது. ஆனால் பழைய பாக்கியை வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருசத்துக்கு மட்டும்தான் கொடுத்தது. மீதி வருசங்களின் பணம் போனது போனதுதான். பெட்டிக்கு அடியில் லெட்டர் தூங்கினால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரிகிறது.

எவ்வளவு வரும்? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்றால் ரூ.12,000. பாதிப்பு 20 சதவீதம் என்றால் ரூ.2,400. ஆனால் 20 சதவீதம் முதல் 50-க்குக் கீழ் வரை இருப்பதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ரூ.6,000, அதற்கு மேல் பஞ்சப்படி. சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏற்கனவே ஊனப் பென்சன் வாங்குகிறவர்களும் தங்கள் உத்தரவில் 20 என்று இருக்கிறதா, 50 என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்க. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வேலையை விட்டு வந்தவர்களுக்குப் புதிய விதிகள், அவர்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் இறந்துவிட்ட சகோதரிகளும் கேட்கலாம். தீர்ப்பாயச் சட்டத்தில் மனைவி, வாரிசுகளுக்கும் உரிமை இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டு சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 2025 ஜூலையில் வீரர் குடும்பங்களுக்கென்றே "வீர் பரிவார் சகாயதா" என்ற சட்ட உதவித் திட்டமும் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் உத்தரவு, அந்த மறுப்புக் கடிதம், மூன்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்க. ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீங்க.