பாலாற்று மணலும் தோல் உப்பும்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஓரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜாபேட்டை வழியாகச் சென்று வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள். மணல் துகள்களுக்கு இடையே தேங்கும் நீரை வெயில் எளிதில் எட்டாது. அதனால்தான் மேலே காய்ந்து கிடந்தாலும் ஆற்றில் கையால் தோண்டினால் ஊற்று சுரந்தது. மணலில் நீளமாகக் கால்வாய் வெட்டி, அடியில் நகரும் நீரை ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுபோன ஊற்றுக்கால்வாய்கள் இந்தப் படுகையின் பழைய பாசன அறிவு.

இதே இயல்புதான் ஆற்றின் பலவீனமும் ஆயிற்று. மேலே ஓடும் ஆற்றில் விழும் அழுக்கை அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மணலுக்கும் கிணற்றுக்கும் இறங்கிய உப்போ மெல்ல நகர்கிறது. பல ஆண்டுகள் தங்குகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த ஆற்றை ஒட்டிய ஊர்களில் நூற்றாண்டுக்கும் மேலாகத் தோல் பதனிடப்படுகிறது. முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் பொருள்கள். அந்த வகைத் தோல் 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. மரப்பட்டை கொண்டு பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் ஒரே நாளில் அதை முடித்துவிடும். சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இலேயே குரோம் முறையைச் சோதித்தார் என்றாலும், இந்த முறை பெருகியது 1970-களுக்குப் பிறகுதான். பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு விதித்தது. உள்ளூரிலேயே முழுமையாக முடித்த தோலையும், பிறகு ஷூவையும் செய்யும் தொழில் வளர்ந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வேலையும் வருமானமும் உயர்ந்த அதே வேகத்தில் கழிவும் உயர்ந்தது.

கழிவில் இரண்டு பொருள்கள் முதன்மையானவை. ஒன்று குரோமியம். பதனிடும் டிரம்மில் போடும் குரோமிய உப்பு முழுவதையும் தோல் ஏற்காது. வழக்கமான முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரோடு வெளியேறுகிறது. இன்னொன்று சாதாரணச் சமையல் உப்பு. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் டேனரிக்கு வந்துசேர, தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தடவுகிறார்கள். முதல் அலசலிலேயே அந்த உப்பு நீரில் கரைந்துவிடும். பேச்செல்லாம் குரோமியத்தைப் பற்றியே இருந்தாலும், நிலத்தையும் கிணற்றையும் பரவலாகக் கெடுத்ததில் உப்பின் பங்கு பெரிது. குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் டிரம்முக்கே அனுப்பலாம். கழிவுநீரிலுள்ள பிற அழுக்கை நுண்ணுயிரிகள் தின்னும். உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்னாது.

இந்தச் சேதத்தைப் பற்றிய பெரிய பொது உரையாடல் நீதிமன்றத்தில் நடந்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்பு 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா அதற்காக வாதாடினார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணித்ததை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கேடு வருமென்று அஞ்சக் காரணம் இருந்தால், முழு அறிவியல் சான்றுக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரே சேதத்துக்கு ஈடுகட்ட வேண்டும்: இவ்விரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது இந்தத் தீர்ப்பில்தான். இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் மேற்கோளாக எழுகிறது. தமிழ் வாசகர்களில் இதை அறிந்தவர்கள் குறைவு என்பது வருந்தத்தக்கது.

தீர்ப்புக்குப் பிறகு அமைந்த ஆணையம் 2001-இல் இழப்பீட்டைக் கணக்கிட்டது. 547 ஆலைகள், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கும் மேல் தர வேண்டும் என்றது. பணம் வந்துசேர்வதில் நீண்ட இழுபறி. இதற்கிடையே, 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கே குவிந்து கிடந்தது. அதன்பின் இந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்றாகவே சுருங்கியது: ஆறு செத்தது, நிலம் போனது, இனி ஒன்றுமில்லை.

அந்தக் கதையில் பொய் இல்லை, பாதிதான் இருக்கிறது. பாதிக் கதை கேட்பவரிடம் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை, காலநிலை மாற்றத்தைப் பற்றிய செய்திகளைக் கொண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த சாஃப்ரன் ஓ'நீல், சோஃபி நிக்கல்சன்-கோல் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அச்சமூட்டும் காலநிலைப் படங்கள் கவனத்தை ஈர்த்தாலும் மனிதர்களைச் செயலுக்குக் கொண்டுவருவதில்லை என்று கண்டது. 2024-இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் விரிவானது. 63 நாடுகளில் 59,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பதினொரு வகை அணுகுமுறைகளைச் சோதித்தார்கள். பேரழிவைச் சொல்லும் செய்தியைச் சமூக ஊடகத்தில் பகிர மக்கள் முந்தினார்கள். ஆனால் மரம் நடுவதற்காகச் சற்று உழைக்கும்படி கேட்டபோது அதே செய்தி முயற்சியைக் குறைத்தது. காலநிலை மாற்றத்தைத் தன் ஊர்ப் பிரச்சினையாக உணரவைத்தது, அது உண்மையே என்ற நம்பிக்கையைக் கூட்டியது. வருங்காலத் தலைமுறைப் பிள்ளைக்குக் கடிதம் எழுதவைத்தது கொள்கைகளுக்கான ஆதரவைக் கூட்டியது. விளைவுகள் சிறியவையே, இருந்தாலும் திசை தெரிகிறது. 2021-இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் நான்கில் மூன்று பேர் எதிர்காலம் அச்சுறுத்துகிறது என்றார்கள். அவர்களிடம் மேலும் ஓர் அச்சத்தைச் சேர்ப்பதால் பயன் இல்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வெறும் ஆறுதலாலும் பயன் இல்லை. எது வேலை செய்தது, எப்படிச் செய்தது, எது பாக்கி என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் கதைதான் நம்பத் தகுந்த நம்பிக்கையைத் தரும்.

பாலாற்றங்கரையில் அப்படிச் சொல்ல நிறையவே இருக்கிறது.

1990-களில் பல டேனரிகளின் கழிவை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் எழுந்தன. அவை அழுக்கையும் குரோமியத்தையும் குறைத்தன; உப்பு அப்படியே வெளியேறியது. அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற விதி வந்தது. சுத்திகரித்த நீரை ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, நல்ல நீரை ஆலைக்கே திருப்பி, மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் முறை அது. ஆற்றுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் இதன் விலையைக் காலநிலைக் கணக்கிலும் எழுத வேண்டும். கடல்நீரைக்கூட ஆர்.ஓ. மூலம் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு நான்கு யூனிட் அளவு மின்சாரம் போதும். கொதிநிலைக்கு வந்த அதே ஆயிரம் லிட்டரை ஆவியாக்க மட்டும் வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 630 யூனிட்டுக்குச் சமம். ஒரு கலத்தின் நீராவியை அடுத்த கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்தும் பல அடுக்கு ஆவியாக்கிகள் இதைப் பல மடங்கு குறைக்கின்றன. அப்போதும் கொதிகலன் எரிய வேண்டும். அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும்.

இங்கேதான் உப்பு காலநிலைப் பிரச்சினையாகிறது. நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ உப்பு கரைந்த உவர்நீரை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ உப்பைப் பிரிக்க ஏறத்தாழ இருபது லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். ஆகவே அலசலுக்கு முன்பே தோலிலிருந்து உதறி எடுக்கப்படும் ஒவ்வொரு கிலோ உப்பும் கிணற்றையும் காக்கிறது, எரிபொருளையும் காக்கிறது. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோவும், 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்த உப்பு உதறலை இப்பகுதியில் வலியுறுத்தி வந்திருக்கின்றன. அந்த நிலையம் உருவாக்கிய நீரில்லா குரோம் முறையில், பதனிடும் கட்டத்தில் தனியாக நீர் சேர்ப்பதில்லை. முன்னதாக அமிலமும் உப்பும் போட்டு ஊறவைக்கும் படியும் இல்லை. குரோமியச் செலவும் குறைகிறது. பெரிய இயந்திரங்களைவிட இந்த எளிய மாற்றங்கள் அதிகம் பேசப்பட வேண்டும்; தொழிலாளியும் சிறு டேனரி உரிமையாளரும் நாளையே செய்யக்கூடியவை இவை.

தீர்வின் குறைகளை மறைத்துவிட்டுச் சொல்லும் கதை ராணிப்பேட்டையில் நிற்காது. 2015 ஜனவரி 31 அன்று அங்குள்ள சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்க எழுப்பிய கட்டமைப்பே உயிர்களைக் கொண்டுபோனது. ஆவியாக்கிகளில் பிரியும் உப்பும் சமையலுக்கோ தொழிலுக்கோ எளிதில் ஆகாத கலப்பு உப்பு. மூட்டைகளாகக் கொட்டகைகளில் தேங்குகிறது. மழைக்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆறு நுரைத்து ஓடுவதும், வெள்ளத்தோடு கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் நின்றபாடில்லை. தோல் தொழிலாளரின் வாழ்வைத் தமிழ் இலக்கியம் மறக்கவில்லை. திண்டுக்கல்லைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. காலநிலைக் கதைகளிலும் அந்தத் தொழிலாளர்கள் நடுவில் இருக்க வேண்டும்.

மாசைத் தடுப்பது ஒரு பாதி என்றால், நல்ல நீரை நிலத்துக்குள் அனுப்புவது மறு பாதி. புதிய நீர் இறங்க இறங்கத்தான் கிணற்று உப்பு நீர்த்துப்போகும். ஜவ்வாது மலையில் அமிர்தி காட்டுப் பக்கம் இறங்கி, செய்யாறு வழியாகப் பாலாற்றில் சேரும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014 அளவில் வாழும் கலை அமைப்பின் முன்முயற்சியில், நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கினார்கள். மலைச்சரிவு ஓடைகளில் கற்களை அடுக்கித் தடுப்புகள் கட்டினார்கள். வேகம் தணிந்த நீர் மண்ணை அரிக்காமல் ஊறியது. சமவெளியில் ஆற்றுப்படுகையிலேயே குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியில் கல்லும் ஜல்லியும் நிரப்பிச் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தார்கள். நீரை இறங்கவிடாத களிமண் அடுக்கைத் தாண்டி மழைநீரைக் கீழே அனுப்பும் துளைகள் அவை. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது. 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையில் நாகநதிப் பெண்கள் குறிப்பிடப்பட்டார்கள்.

சூடேறும் உலகுக்கு இந்த வேலை நேரடியாகப் பொருந்துகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித்தீர்க்கும் மழை பெருகுகிறது. வாணியம்பாடியை 1903 நவம்பரில் அழித்த வெள்ளத்துக்கு அந்த ஊரில் நினைவுத் தூண் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு மீண்டும் கரைபுரண்டது. சில நாட்களில் வந்து கடலுக்குப் போய்விடும் அத்தகைய நீரைப் பிடித்துவைக்க மணல் வேண்டும், தடுப்பு வேண்டும், செறிவூட்டும் கிணறு வேண்டும். மணலை அள்ளிய இடங்களில் பாறையும் களியும் தெரிகின்றன. ஊற்றுக்கால்வாய்க்கு அங்கே இனி வழியில்லை. நாகநதியில் நடந்ததைப் பாலாற்றின் மற்றத் துணையாறுகளில் செய்யலாம் என்பது உண்மை. ஆலைப் பகுதிக்குள் அதைச் செய்யும் முன் அங்குள்ள மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதும் உண்மை. கழிவு படிந்த மண்ணின் வழியே நீரை இறக்கினால் நஞ்சும் சேர்ந்து இறங்கும்.

வேலூர் வழக்கு இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இழப்பீட்டை அரசு முதலில் வழங்கிவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. சேதம் சீராகும் வரை பொறுப்பு தொடரும் என்றும் சொன்னது. சேதம் சீரானதா என்பதைக் கிணறுகளில்தான் பார்க்க முடியும். குடிநீருக்கான இந்தியத் தரம், கரைந்த உப்புகளின் அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைக்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. பேனா அளவுள்ள டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பள்ளி மாணவர்கள் ஒரே கிணற்றை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அளந்து, ஊராட்சிப் பலகையில் எழுதிவரலாம். குரோமியத்தை அந்த மீட்டர் காட்டாது. அதற்கு ஆய்வகச் சோதனை தேவை. அந்த முடிவுகளும் அதே பலகையில் இடம்பெற வேண்டும்.