‘சேவ் ஆஸ்’ கொடுத்த ஃபைலை சிஎன்சி மெஷின் ஏற்க மறுப்பது ஏன்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன மெஷினிங் பட்டறைகளில், சிஎன்சி புரோகிராமில் ஒரு அளவை மட்டும் மாத்தணும்னா நோட்பேடே போதும். எண்ணைத் திருத்தி, பென் டிரைவில் போட்டு, மெஷினில் செருக வேண்டியதுதான். அதையே புது ஃபைலாக சேவ் செய்யும்போதுதான் சிக்கல்.

சீமென்ஸ் சினுமெரிக் கன்ட்ரோலரில் முதன்மை புரோகிராமின் பெயர் ‘.எம்பிஎஃப்’ என்று முடியும். ஆபரேட்டரும் ‘பார்ட்12.எம்பிஎஃப்’ என்றுதான் டைப் செய்திருப்பார். கம்ப்யூட்டரில் பார்த்தாலும் அந்தப் பெயர்தான் தெரியும். ஆனால் மெஷின் அதைப் புரோகிராமாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஏன்னா, ஃபைலின் உண்மையான பெயர் ‘பார்ட்12.எம்பிஎஃப்.டிஎக்ஸ்டி’!

கடைசி வாலை ஒட்டியது யார்? நோட்பேடின் ‘சேவ் ஆஸ்’ பெட்டியைத் திறந்தால், ஃபைல் வகை ‘டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்’ என்று முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். நாம் கொடுக்கும் பின்னொட்டு அந்தக் கம்ப்யூட்டருக்கு அறிமுகமில்லாதது என்றால், விண்டோஸ் தானாக ‘.டிஎக்ஸ்டி’யைச் சேர்த்துவிடும். அந்தப் பின்னொட்டைப் பதிவு செய்துவைத்த மென்பொருள் இருக்கும் கம்ப்யூட்டரில் இப்படி ஆகாமல் போகலாம். ‘ஆபீஸ் சிஸ்டத்துல சரியா வருது, ஷாப் ஃப்ளோர்ல வரலை’ என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சேர்த்ததோடு நிற்காமல், மறைக்கவும் செய்கிறது. தெரிந்த ஃபைல் வகைகளின் பின்னொட்டைக் காட்டாமல் விடுவது விண்டோஸ் 95 காலத்து வழக்கம். 2000 மே மாதம் உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ‘.டிஎக்ஸ்டி’ மட்டும் கண்ணில் பட, பின்னால் இருந்த ‘.விபிஎஸ்’ மறைந்திருந்தது.

தீர்வு எளிது. ஃபைல் வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். அல்லது பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்யுங்கள்; எழுதியது எழுதியபடியே சேவ் ஆகும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் முழுப் பெயரும் தெரியும். ஏற்கெனவே வால் ஒட்டிய ஃபைலை ‘ரீநேம்’ செய்து அழித்தால் போதும். ஷிஃப்ட் வீணாகாது.

பட்டறைக்கு வெளியே, மனு டைப் செய்யும் கடைகளில் இதே பெட்டி வேறொரு வேலை செய்கிறது. எம்எஸ் வேர்டு, ஆவணத்தின் முதல் வரியையே ஃபைல் பெயராக முன்மொழியும். நம்ம ஊர் மனுவின் முதல் வரி எது? ‘அனுப்புநர்’! திங்கள்கிழமை குறைதீர் நாளுக்காக கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் பட்டா மனுவும், முதியோர் உதவித்தொகை மனுவும் ஒரே பெயரில்தான் வந்து நிற்கும். ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்கும்போது அவசரத்தில் ‘யெஸ்’ தட்டினால், முதல் ஆளின் மனு போச்சு. டைப் அடிக்கும் முன்பே எஃப் 12 தட்டி, மனுதாரர் பெயரும் தேதியும் போட்டு சேவ் செய்துவிடலாம்.